குறிவைத்துக் கொல்லும் அரசு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

நெய்தல்:

தேடப்படும் ஒருவரைக் கைது செய்யாமலும் வழக்கு நடத்தாமலும், பெயரைப் பட்டியலில் எழுதிவைத்து, நாள் பார்த்துக் கொல்வதை ஓர் அரசு தன் கொள்கையாகவே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். பல அரசுகள் இதைச் செய்திருக்கின்றன. ஆனால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தன் சொந்த உச்ச நீதிமன்றத்திலேயே அதற்காக வாதாடிய அரசு என்று பார்த்தால் இஸ்ரேலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2000 நவம்பர் 9 அன்று பெத்லகேமை அடுத்த பெய்த் சஹூரில் ஹுசைன் அபயாத் சென்ற வண்டியை ஹெலிகாப்டர் ஏவுகணை தாக்கியது. அருகில் நின்ற இரண்டு பெண்களும் இறந்தார்கள். இஸ்ரேல் ராணுவம் அதை மறைக்கவில்லை. அதுவரை உளவுத்துறையின் இருட்டில் நடந்துவந்த ஒன்று அன்று முதல் அறிவிக்கப்பட்ட வழிமுறையாயிற்று.

என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது 2002 ஜூலை 22 இரவு. ஹமாஸின் ஆயுதப் பிரிவான இஸ்ஸத்தீன் அல்-கஸ்ஸாம் படையணியின் தலைவர் சலா ஷெஹாதே, காசா நகரின் அல்-தராஜ் பகுதியில் ஒரு வீட்டில் இருந்தார். வீட்டோடு வீடு ஒட்டிய நெருக்கமான குடியிருப்பு அது. எஃப்-16 விமானம் ஒரு டன் எடையுள்ள குண்டை அந்த வீட்டின் மேல் போட்டது. ஷெஹாதே இறந்தார், அவருடைய மனைவியும் மகளும், பக்கத்து வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களும், அவர்களில் பல குழந்தைகளும் சேர்ந்தே இறந்தார்கள். சில வாரங்கள் கழித்து, அத்தகைய குண்டைப் போடும்போது விமானி என்ன உணர்கிறார் என்று ஒரு நேர்காணலில் கேட்டபோது, அன்றைய விமானப்படைத் தளபதி டான் ஹலுட்ஸ், குண்டு கழன்று விழும்போது விமானத்தில் ஒரு மெல்லிய அதிர்வு ஏற்படும், ஒரு நொடியில் அதுவும் போய்விடும் என்ற பொருளில் பதில் சொன்னார். அவரே 2005இல் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார்.

ஷெஹாதே அப்பாவி என்று நான் வாதாட வரவில்லை. இஸ்ரேலியப் பொதுமக்களைக் கொன்ற பல தாக்குதல்களுக்குப் பின்னால் அவர் இருந்தார் என்பதை மறுப்பவர் எவரையும் நான் கண்டதில்லை. அவரைக் கொல்வது நியாயம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும், கொல்வதென முடிவெடுத்தவர்களிடம் அவர்களுக்கு வெளியே இருக்கும் ஒருவர், உங்களுக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும், வேறு வழி இருந்ததா, அந்த வீட்டைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பதில் பெற முடிய வேண்டும். அப்படிக் கேட்பார் எவரும் இல்லாத இடத்தில் மற்ற நியாயங்கள் எல்லாம் எடுபடாமல் போகின்றன என்பதே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

கரிசல்:

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் 2002 ஜூலையில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் அதே ஆண்டின் மார்ச்சில் தொடங்க விரும்புகிறேன்.

மார்ச் 27 அன்று இரவு, இஸ்ரேலின் நெதன்யா நகரில் பார்க் ஹோட்டலில் யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்துக்காக மக்கள் மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்த ஒருவன் தன் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தான். 30 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்களும் அங்கே இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 1 அன்று டெல் அவிவ் கடற்கரையில் டால்ஃபினேரியம் நடன அரங்கின் வாசலில் வரிசையில் நின்ற இளைஞர்களிடையே வெடித்த குண்டில் 21 பேர் இறந்தார்கள். பதின்வயதுப் பெண்களே அதிகம். குண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவன் ஒருவன்தான். ஆனால் அவனைத் தேர்ந்தெடுத்து, குண்டைச் செய்து, இடத்தைக் காட்டி, அனுப்பிவைத்துவிட்டு மறுநாள் அடுத்தவனைத் தேடுகிறவர் வேறொருவர். அந்த வேறொருவரை விட்டுவைத்தால் அடுத்த வாரம் இன்னொரு பேருந்து வெடிக்கும் என்பது அன்றைய இஸ்ரேலியத் தாய்மாருக்கு அனுமானமாக இருக்கவில்லை.

கைது செய்திருக்கலாமே என்று சொல்வது எளிது. மேற்குக் கரை நகரங்களில் ராணுவம் கைது செய்யவே முயன்றது. ஆயிரக்கணக்கானோரைக் கைதும் செய்தது. காசா நகரின் நடுவில் இருக்கும் ஒருவரைக் கைது செய்ய வேண்டுமானால் டாங்கிகளோடு ஒரு படையையே உள்ளே அனுப்ப வேண்டும். அந்தச் சண்டையில் இறக்கக்கூடிய பாலஸ்தீனப் பொதுமக்களின் எண்ணிக்கை ஒரு குண்டில் இறப்பவர்களைவிடக் குறைவாக இருந்திருக்குமா? பாலஸ்தீனத் தன்னாட்சி அரசு அவர்களைப் பிடித்து வைக்கவில்லை, வைத்தாலும் சில நாளில் விட்டுவிட்டது. தன்னைக் கொல்ல வருகிறவனை முந்திக்கொள்ளலாம் என்ற பழைய நெறி யூத மரபில் உண்டு. அரசன் கொடியவரைத் தண்டிப்பது பயிருக்கு நடுவே களை பறிப்பது போன்றது என்ற எண்ணம் நம் மரபுக்கும் புதிதன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2003 செப்டம்பர் 6 அன்று ஷேக் அஹ்மத் யாசின் உட்பட ஹமாஸின் தலைமை முழுவதும் காசாவில் ஒரே வீட்டில் கூடியிருந்த செய்தி இஸ்ரேலுக்குக் கிடைத்தது. ஒரு டன் குண்டு போட்டிருந்தால் அத்தனை பேரும் இறந்திருப்பார்கள். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களை நினைத்து, கால் டன் குண்டையே போட்டார்கள். கூட்டம் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்தது, மேல்தளம் இடிந்தது, எல்லோரும் தப்பினார்கள். ஷெஹாதே நிகழ்விலிருந்து கற்றுக்கொண்ட ஓர் அரசின் செயல் இது. அதையும் கணக்கில் சேர்க்காமல் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

மேல்முறையீடு:

இருவரும் சொன்னவற்றுக்கு நடுவில் ஓர் ஆவணம் இருக்கிறது. 2006 டிசம்பரில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அது. சித்திரவதைக்கு எதிரான இஸ்ரேலியப் பொதுக் குழு உள்ளிட்டோர் 2002 ஜனவரியில் தொடுத்த வழக்கில், பதவி ஓய்வுக்குப் பின் தலைமை நீதிபதி அஹரோன் பராக் எழுதிய இறுதித் தீர்ப்புகளில் ஒன்று. தேதிகளைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: ஷெஹாதேயின் வீட்டின்மேல் குண்டு விழுந்தபோது இந்த வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. தீர்ப்பு வருவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள், மனுதாரர்கள் தந்து தீர்ப்பிலேயே பதிவாகியுள்ள கணக்கின்படி, 2005 இறுதிவரை ஏறத்தாழ 300 ஆயுதக் குழு உறுப்பினர்களும், அவர்களுக்கு அருகில் இருந்த காரணத்தால் ஏறத்தாழ 150 பொதுமக்களும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

தீர்ப்பின் சாரத்தைப் பலரும் பிழையாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் நீதிமன்றம் அனுமதித்துவிட்டது என்கிறார்கள். எதிர்ப்பாளர்களும் அதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் அனுமதிக்கவும் முடியாது, முன்கூட்டியே எல்லாவற்றையும் தடைசெய்யவும் முடியாது, ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. சட்டவிரோதப் போராளி என்ற புதிய வகையை உருவாக்கி, அவரை எப்போது வேண்டுமானாலும் கொல்லலாம் என்று அரசு வைத்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயுதக் குழுவைச் சேர்ந்தவரும் சட்டத்தின் கண்ணில் படைவீரர் அல்லர், பொதுமக்களில் ஒருவரே. அவர் நேரடியாகப் போரில் ஈடுபடும் காலத்துக்கு மட்டுமே தன் பாதுகாப்பை இழக்கிறார். கொல்வதற்கு முன் உறுதியான தகவல் வேண்டும். கைது போன்ற குறைந்த தீங்குள்ள வழி இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். சுற்றியிருப்போருக்கு நேரும் தீங்கு பெறும் பயனுக்கு விகிதப்பட்டதாக இருக்க வேண்டும். தாக்குதலுக்குப் பிறகு சுதந்திரமான முழு விசாரணை நடத்த வேண்டும்.

விகிதத்தைப் பற்றிப் பராக் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். வீட்டு முகப்பில் நின்று வீரர்களையும் மக்களையும் சுட்டுக்கொண்டிருக்கும் ஒருவனைத் திருப்பிச் சுடும்போது வழிப்போக்கர் ஒருவர் அடிபட்டால் அது விகிதத்துக்குள் அடங்கலாம். அதே வீட்டின்மேல் வானிலிருந்து குண்டு போட்டு அங்கு வசிப்போர் பலரும் கொல்லப்பட்டால் அடங்காது. பெயர் சொல்லாமல் அல்-தராஜைப் பற்றித்தான் எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகச் சொன்ன அந்த விசாரணை நிபந்தனை என்ன ஆயிற்று என்பதுதான் நெய்தல் அவர்களின் கேள்வி. ஷெஹாதே நிகழ்வை விசாரிக்க 2008இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதுவும் குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றத்தில் விடாமல் போராடிய பிறகு. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தோவா ஸ்ட்ராஸ்பெர்க்-கோஹென் தலைமையில் அறிக்கை அளித்த அந்தக் குழுவின் மற்ற இருவரும் ராணுவத்திலும் ஷின் பெட் உளவு அமைப்பிலும் பணியாற்றியவர்கள். 2011இல் வந்த அறிக்கை, பொதுமக்களுக்கு நேர்ந்த தீங்கு விகிதத்தை மீறியதுதான் என்று ஒப்புக்கொண்டது; அது உளவுத் தகவலின் குறையால் நேர்ந்தது, நோக்கத்தால் அன்று, ஆகவே எவர்மீதும் குற்ற நடவடிக்கை தேவையில்லை என்று முடித்தது. நிகழ்வுக்கும் அறிக்கைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

தொடுவானம்:

சட்டத்தையும் அறத்தையும் பற்றி நண்பர்கள் எழுதிவிட்டார்கள். நான் விளைவுகளைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் கரிசல் அவர்களின் வாதம் முழுவதும் விளைவின்மேல்தான் நிற்கிறது: கொன்றால் அடுத்த குண்டு வெடிக்காது என்பது.

1992 பிப்ரவரி 16 அன்று தெற்கு லெபனானில் ஹெஸ்புல்லா பொதுச்செயலாளர் அப்பாஸ் அல்-முசாவியை, அவருடைய மனைவியோடும் சிறு மகனோடும் சேர்த்து, ஹெலிகாப்டர்கள் தாக்கிக் கொன்றன. அவர் இடத்துக்கு வந்தவர் ஹசன் நஸ்ரல்லா. 32 ஆண்டுகள் அவ்வமைப்பை வழிநடத்தி, முசாவி காலத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு பெரிய படையாக வளர்த்தார். முசாவி இறந்த ஒரே மாதத்தில் புயெனஸ் அயர்ஸில் இருந்த இஸ்ரேல் தூதரகம் தகர்க்கப்பட்டது. 1996 ஜனவரி 5 அன்று, பொறியாளர் என்று அழைக்கப்பட்ட குண்டு வல்லுநர் யஹ்யா அய்யாஷை, கைப்பேசிக்குள் வெடிமருந்து வைத்துக் காசாவில் கொன்றார்கள். பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஜெருசலேம், அஷ்கெலான், டெல் அவிவ் நகரங்களில் பழிவாங்கும் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்து ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். மே மாதத் தேர்தலில் ஷிமோன் பெரெஸ் மயிரிழையில் தோற்றார். இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் இடையிலான ஒஸ்லோ அமைதி உடன்பாட்டின் எதிர்காலமும் அதோடு மங்கியது.

இவ்விரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது துல்கரேம் நகரில் 2002 ஜனவரி 14 அன்று நடந்தது. 2001 டிசம்பர் 16 அன்று யாசர் அரஃபாத் போர்நிறுத்தம் அறிவித்திருந்தார். அது முழுமையானதன்று, ஆனாலும் அந்தச் சில வாரங்களில் தாக்குதல்கள் கண்கூடாகக் குறைந்திருந்தன. அப்போது அரஃபாத்தின் ஃபதா இயக்கத்தோடு சேர்ந்த அல்-அக்ஸா படையணி என்ற ஆயுதக் குழுவின் ரயீத் கர்மியை, அவர் வழக்கமாக நடந்துபோகும் பாதையில் குண்டு வைத்துக் கொன்றார்கள். அவர் கையில் இஸ்ரேலியரின் இரத்தம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகு அல்-அக்ஸா படையணி போர்நிறுத்தம் முடிந்ததென்று அறிவித்து, இஸ்ரேல் நகரங்களுக்கு உள்ளேயே தற்கொலைத் தாக்குதல்களில் இறங்கியது. கரிசல் அவர்கள் தொடங்கிய அந்த மார்ச் மாதத்துக்கு வந்துசேர்ந்த பாதையில் இந்த ஜனவரியும் இருக்கிறது. கர்மியைக் கொல்லாதிருந்தால் பார்க் ஹோட்டல் நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அதைச் செய்தது ஹமாஸ். ஆனால் கொன்றால் குறையும் என்று உறுதியாகச் சொல்பவர், குறைந்துவந்த நேரத்தில் கொன்றதையும் விளக்க வேண்டும்.

கரிசல்:

விளக்குகிறேன். 2004 மார்ச் 22 அதிகாலையில், காசாவில் தொழுகை முடிந்து சக்கர நாற்காலியில் வெளியே வந்த ஷேக் யாசினை ஏவுகணை கொன்றது. ஏப்ரல் 17 அன்று அவருக்கு அடுத்து வந்த அப்தெல் அஸீஸ் ரன்டீஸியும் கொல்லப்பட்டார். நரகத்தின் வாசல் திறந்துவிட்டது, பழிவாங்கல் வரும் என்று உலகமே எழுதியது. நடந்தது என்ன? 2004இலும் 2005இலும் தற்கொலைத் தாக்குதல்களும் அவற்றால் இறந்தவர்களும் 2002ஐவிட வெகுவாகக் குறைந்தார்கள். மேற்குக் கரையை ஒட்டி இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரும் மேற்குக் கரைக்குள் ராணுவம் திரும்பச் சென்றதும் பெரும்பங்கு வகித்தன என்பதை ஏற்கிறேன். ஆனால் அனுபவமுள்ள தலைவர்களை இழந்து, எஞ்சியவர்கள் இரவுக்கு ஒரு வீடு மாறி ஒளிய வேண்டியிருக்கும் அமைப்பால் முன்போல் திட்டமிட முடியாது என்பதும் உண்மைதானே? ஒன்றிரண்டு எதிர்மறை நிகழ்வுகளைக் காட்டிவிட்டு வழிமுறையே பயனற்றது என்பது பொருந்தாது.

வெண்மணல்:

இதுவரை எவரும் தொடாத ஒரு சோதனையை முன்வைக்க அனுமதியுங்கள். ஒரு விதி அறம் சார்ந்ததா என்று பார்க்க, அதை எதிரியின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

2001 ஆகஸ்ட் 27 அன்று பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் பொதுச்செயலாளர் அபு அலி முஸ்தபாவை, ரமல்லாவில் அவர் தன் அலுவலக மேசையில் அமர்ந்திருந்தபோது, ஹெலிகாப்டர் ஏவுகணைகள் சன்னல் வழியே வந்து கொன்றன. அவர் தாக்குதல்களை இயக்குகிறார் என்றது இஸ்ரேல். அவர் அரசியல் தலைவர் என்றார்கள் பாலஸ்தீனர்கள். ஏழு வாரங்கள் கழித்து, அக்டோபர் 17 அன்று, அதே முன்னணியின் ஆட்கள் கிழக்கு ஜெருசலேமில் ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் இஸ்ரேல் சுற்றுலாத்துறை அமைச்சர் ரெஹவாம் ஸேவியைச் சுட்டுக் கொன்று, இது முஸ்தபாவுக்கான பதிலடி என்று அறிவித்தார்கள். ஸேவி முன்னாள் ராணுவ ஜெனரல். பாலஸ்தீனர்களை மேற்குக் கரையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய கட்சியின் தலைவர். படைகளை ஏவும் அமைச்சரவையில் உறுப்பினர்.

இஸ்ரேல் அந்தக் கொலையைப் பயங்கரவாதம் என்று சொல்லி, செய்தவர்களை விரட்டிப் பிடித்துத் தண்டித்தது. நானும் அதைக் கொலை என்றே சொல்கிறேன். ஆனால் அரசியல் தலைமையில் இருப்பவர் ஆயுதப் பிரிவின் செயலுக்குப் பொறுப்பாளி, ஆகவே குறிவைக்கத் தக்கவர் என்பது விதியானால், அந்த விதி ஹோட்டல் தாழ்வாரத்திலும் செல்லுபடியாகிவிடும். ஆகாது என்றால், அந்த அலுவலக மேசையிலும் ஆகாது.

கரிசல்:

வெண்மணல் அவர்களின் சோதனை கடினமானது, ஒதுக்கிவிட மாட்டேன். என் விடை இது: பேருந்திலும் உணவகத்திலும் இருக்கும் பொதுமக்களையே இலக்காக வைத்து நடத்தப்படும் அமைப்பின் தலைவரும், ஒரு நாட்டு அமைச்சரவையின் சுற்றுலாத்துறை அமைச்சரும் ஒன்றல்லர். முன்னவர் கட்டளையிடும் செயலே குற்றம். பின்னவரின் கருத்துகள் எனக்கு அருவருப்பானவை. ஆனால் கருத்துக்காக எவரையும் கொல்லக் கூடாது. முஸ்தபா தாக்குதல்களுக்குக் கட்டளையிட்டார் என்பது உண்மையானால் அவர் குறிவைக்கத் தக்கவர்; இல்லையானால் அது தவறு. அதைத் தீர்மானிப்பது சான்று.

நெய்தல்:

நண்பர் கரிசல், நீங்கள் கடைசியாக எழுதிய வரியில்தான் நான் நிற்கிறேன். அதைத் தீர்மானிப்பது சான்று. அந்தச் சான்றை யார் பார்த்தார்கள்?

1961இல் நாஜி அதிகாரி அடால்ஃப் அய்க்மனைக் கண்ணாடிக் கூண்டில் அமர்த்தி, மொழிபெயர்ப்பாளர் வைத்து, வழக்குரைஞர் கொடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மேல்முறையீட்டையும் கேட்ட பிறகே இஸ்ரேல் தூக்கிலிட்டது. லட்சக்கணக்கானோரைச் சாவுக்கு அனுப்பியவன் அவன். இஸ்ரேல் சிவில் நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டவன் அவன் ஒருவன் மட்டுமே. கொலைக்கு மரண தண்டனையை அந்நாடு 1954இலேயே நீக்கிவிட்டது. பல பேருந்துக் குண்டுகளுக்குக் காரணமானவர் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டவர்கூட ஆயுள் சிறையில் உயிரோடு இருக்க, மெய்ப்பிக்கப்படாதவர் சாலையில் கொல்லப்படுகிறார். போர்க்களத்தின் தர்க்கம் வேறு, நீதிமன்றத்தின் தர்க்கம் வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். அது ஓரளவு சரி. ஆனால் போர்க்களத்தில் எதிரியைச் சீருடை அடையாளம் காட்டுகிறது. இங்கே ஒருவர் யார் என்பதையே உளவு அதிகாரியின் கோப்புதான் சொல்கிறது. கோப்பு தவறும்.

1973 ஜூலையில் நார்வேயின் லில்லஹாமர் என்ற சிற்றூரில், இஸ்ரேலிய விளையாட்டு வீரர்கள் கொல்லப்பட்ட மியூனிக் ஒலிம்பிக் படுகொலையோடு தொடர்புடையவர் என்று தவறாக அடையாளம் கண்டு, இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாடின் ஆட்கள் அகமது பூச்சிக்கி என்ற மொராக்கோ நாட்டு உணவகப் பணியாளரைச் சுட்டுக் கொன்றார்கள். கர்ப்பிணி மனைவியோடு அவர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அது வெளியே தெரிந்ததற்கு ஒரே காரணம், கொன்றவர்களில் சிலர் நார்வே காவல்துறையிடம் மாட்டிக்கொண்டு வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. 1996இல் குடும்பத்துக்கு இஸ்ரேல் இழப்பீடு கொடுத்தது, பொறுப்பை ஏற்கவில்லை. காசாவில் ஒரு பூச்சிக்கி இறந்தால் எந்த நார்வே நீதிமன்றம் கேட்கும்?

உள்ளிருந்து கேட்டவர்களுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 2003 செப்டம்பரில் 27 விமானிகள், மக்கள் வாழும் பகுதிகளில் இத்தகைய தாக்குதல்களுக்கு இனிப் பறக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார்கள்; 1967, 1973 போர்களில் வீரராகப் போற்றப்பட்ட யிஃப்தா ஸ்பெக்டரும் அவர்களில் ஒருவர். அவர்கள் பறக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2008 நவம்பரில் ஹாரெட்ஸ் நாளேடு, கைது செய்யக்கூடிய நிலையிலும் மேற்குக் கரையில் சிலரைக் கொல்ல ராணுவ மேலிடம் ஒப்புதல் தந்ததாகக் காட்டும் உள் ஆவணங்களை வெளியிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு நேர்மாறான செயல் அது. ஒப்புதல் தந்தவர் எவரும் நீதிமன்றம் ஏறவில்லை. ஆவணங்களை நகலெடுத்துக் கொடுத்த படைவீராங்கனை அனத் காம் சிறை சென்றார்.

மேல்முறையீடு:

ஹாரெட்ஸ் ஆவணங்களை நெய்தல் அவர்கள் நினைவூட்டியது நல்லதாயிற்று. தீர்ப்பின் முதல் மூன்று நிபந்தனைகளும் ராணுவம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள். கடைசியானது மட்டுமே வெளியிலிருந்து கேட்கப்படுவது. அது இல்லாதபோது மற்ற மூன்றும் காலப்போக்கில் நெகிழும் என்பதற்கு 2023 அக்டோபருக்குப் பிந்தைய காசாவே சாட்சி. +972 இதழ் 2024 ஏப்ரலில் பெயர் குறிப்பிடாத ஆறு உளவு அதிகாரிகளை மேற்கோள் காட்டி வெளியிட்ட செய்தியின்படி, லாவெண்டர் என்ற கணினி அமைப்பு பல்லாயிரம் பேரை ஆயுதக் குழுவினராக அடையாளம் காட்டியது. ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க அதிகாரி செலவிட்ட நேரம் சில நொடிகள். கீழ்நிலை உறுப்பினர் ஒருவருக்காக 15 முதல் 20 பொதுமக்கள்வரை இறக்கலாம் என்ற அளவு போரின் தொடக்க வாரங்களில் இருந்தது. அது இலக்குப் பட்டியல் அன்று, தகவலை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி மட்டுமே என்று ராணுவம் மறுத்தது. யார் சொல்வது உண்மை என்பதைத் தீர்ப்பதற்கு ராணுவத்துக்கு வெளியே இன்றுவரை ஒரு மன்றம் இல்லை. 2002இல் ஒரு வீட்டுக்காக நாடே வாதாடியது, விமானிகள் கையெழுத்திட்டார்கள், ஒன்பது ஆண்டுகள் கழித்தாவது ஓர் அறிக்கை வந்தது என்பதை நினைத்தால், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று புரியும்.

கரிசல்:

2023 அக்டோபர் 7 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பிணைக்கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்ட பிறகு ஒரு சமூகம் அதே நிதானத்தோடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை மறப்பதாகும். அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன்: 15க்கு 1 என்ற அளவு உண்மையானால் அதை நான் ஆதரிக்கவில்லை. நான் ஆதரித்தது, கட்டளையிடும் ஒருவரைத் தேர்ந்து, சுற்றியிருப்போரைக் காத்து, வேறு வழியில்லாதபோது செய்யும் செயலை. வெளியார் விசாரணை வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அது உளவாளிகளின் உயிருக்கு ஆபத்தாகாத வகையில், மூடிய அறையில், ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்டு நடக்கலாம். விசாரணை இல்லை என்பதற்காகச் செயலே கூடாது என்பதில்தான் உங்களோடு முரண்படுகிறேன்.

வெண்மணல்:

அப்படியானால், கட்டளையிடுபவர் என்று இன்று நீங்கள் குறிக்கும் மனிதரே நாளை உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டியவராக இருந்தால் என்ன செய்வது?

1997 செப்டம்பர் 25 அன்று ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஹமாஸ் தலைவர் காலித் மெஷாலின் காதில் மொசாட் ஆட்கள் நஞ்சைத் தெளித்தார்கள். பிடிபட்டார்கள். ஜோர்டான் மன்னர் ஹுசைன், இஸ்ரேலோடு செய்த அமைதி உடன்படிக்கையே முறிந்துவிடும் என்று எச்சரித்ததால், நஞ்சுக்கு மாற்று மருந்தை இஸ்ரேலே அனுப்பி மெஷாலைப் பிழைக்க வைத்தது; கூடவே சிறையில் இருந்த ஷேக் யாசினையும் விடுவிக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 31 அன்று டெஹ்ரானில் இஸ்மாயில் ஹனியே கொல்லப்பட்டபோது, போர்நிறுத்தப் பேச்சில் ஹமாஸ் தரப்பின் முதன்மையானவர் அவர். ஒரு தரப்பு மறுதரப்பின் பேச்சாளரையே கொன்றால் நடுவர் பணி எப்படி நடக்கும் என்று கத்தார் பிரதமர் அன்றே கேட்டார். 2025 செப்டம்பர் 9 அன்று அந்தக் கத்தாரின் தலைநகர் தோஹாவிலேயே, போர்நிறுத்த முன்மொழிவைப் பற்றிக் கலந்து பேசிக்கொண்டிருந்த ஹமாஸ் தலைவர்கள்மீது இஸ்ரேல் விமானங்கள் குண்டு போட்டன. கலீல் அல்-ஹய்யா தப்பினார். அவருடைய மகனும், கத்தார் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவரும், வேறு சிலரும் இறந்தார்கள். ஒரு மாதத்துக்குள் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் ஹமாஸ் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் அதே அல்-ஹய்யா. அங்கே எட்டிய உடன்பாட்டின் பயனாகத்தான் அக்டோபர் 13 அன்று உயிரோடிருந்த 20 பிணைக்கைதிகளும் வீடு திரும்பினார்கள். தோஹாவில் குண்டு தன் இலக்கை அடைந்திருந்தால் அந்த மேசையில் யார் அமர்ந்திருப்பார்?

கரிசல்:

தோஹா தாக்குதலை நான் ஆதரிக்க மாட்டேன். பேச்சுக்கு அழைக்கப்பட்டு நடுவர் நாட்டில் தங்கியிருப்பவர், அவர் கடந்த காலத்தில் என்ன செய்திருந்தாலும், அந்தப் பேச்சு நடக்கும்வரை தொடப்படக் கூடாதவர். இதை இஸ்ரேல் அரசு எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். காசாவிலிருந்து ஒரு படையணியை இயக்கும் தளபதிக்கு இந்த விலக்குப் பொருந்தாது. அங்கே என் நிலைப்பாடு முன்பு சொன்னதே.

நெய்தல்:

நல்லது, நண்பர் கரிசல். அந்த விலக்கை நீங்கள் எழுத்தில் கேட்டது முக்கியமானது. ஏனென்றால் எழுதிவைத்த விதிக்கு அதைக் காப்பவர் ஒருவர் வேண்டும். நடுவர் நாட்டில் இருந்தவரைக் கொல்ல ஒப்புதல் தந்தவர் நாளை யார் முன்னால் நின்று காரணம் சொல்வார் என்று கேட்டால், மூடிய அறையாக இருந்தாலும் ஓய்வுபெற்ற நீதிபதியாக இருந்தாலும் போதும் என்கிறீர்கள். எனக்கும் தொடக்கத்துக்கு அது போதும், மூன்று மாற்றங்களோடு: குழுவில் ராணுவத்திலோ உளவுத்துறையிலோ பணியாற்றியவர் எவரும் இருக்கக் கூடாது, எவரும் வழக்குத் தொடுக்கும்வரை காத்திராமல் விசாரணை தாக்குதல் நடந்த சில மாதங்களுக்குள் தானாகவே தொடங்க வேண்டும், இறந்தவர்களின் குடும்பத்தார் தங்கள் தரப்பைச் சொல்ல வழி இருக்க வேண்டும். மூன்றாவதை நீங்கள் ஏற்பீர்களா என்பதை அறிய விரும்புகிறேன்.

கரிசல்:

முதல் இரண்டையும் ஏற்கிறேன். மூன்றாவதில், குடும்பத்தார் எழுத்து மூலமாகவோ வழக்குரைஞர் மூலமாகவோ சொல்லலாம் என்பதுவரை வருகிறேன். உளவுக் கோப்பை அவர்கள் பார்க்கலாம் என்றால் ஏற்க மாட்டேன்.

மேல்முறையீடு:

கோப்பை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை. பாதுகாப்பு அனுமதி பெற்ற ஒரு சிறப்பு வழக்குரைஞர் அவர்கள் சார்பில் பார்த்து வாதாடும் ஏற்பாடு பிரிட்டனில் 1997இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி குடியேற்ற மேல்முறையீடுகளில் இருக்கிறது. குறைகள் பலவும் அதில் உண்டு. கோப்பைப் பார்த்த பிறகு அந்த வழக்குரைஞர் தன் தரப்பினரோடு அதைப் பற்றிப் பேச முடியாது என்பது பெரிய குறை. ஆனாலும் நாடு கடத்தப்படவிருக்கும் ஒருவருக்குக் கொடுக்கப்படும் அந்த வாய்ப்பை, கொல்லப்பட்ட ஒருவரின் பிள்ளைகளுக்கு மறுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.